மனச்சிதைவு மாத்திரைகள்: பக்கவிளைவை யாரிடம் சொல்வது?

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்கள்

மனச்சிதைவு நோய்க்கான மருந்தை இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்று சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதற்குக் கடலூர், புதுச்சேரி வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: நிறுத்தாதே என்கிறீர்கள், அந்த மருந்து உடம்பைப் படுத்தும் பாட்டுக்கு என்ன வழி? மிக நியாயமான கேள்வி. சென்ற மாதமே அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, உயரம் 168 சென்டிமீட்டர். ஆறு மாதமாக இரவில் ஓலான்சபின் 15 மில்லிகிராம் கொடுத்து வருகிறோம். காதில் குரல் கேட்பது நின்று, வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டான். ஆனால் 58 கிலோ இருந்தவன் இப்போது 71 கிலோ. நள்ளிரவில் எழுந்து சோற்றுப் பானையைத் திறக்கிறான். இந்த மாத்திரை சர்க்கரை நோயைக் கொண்டுவரும் என்று உறவினர்கள் சொன்னதால், டாக்டரிடம் சொல்லாமல் இரண்டு வாரமாகப் பாதி மாத்திரைதான் கொடுக்கிறேன். செய்தது சரியா?
ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: அம்மா, உங்கள் பயம் வீண் பயமில்லை, உறவினர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. இவ்வகை மருந்துகளிலேயே எடையை மிக அதிகமாகக் கூட்டுபவை ஓலான்சபினும் க்ளோசபினும்தான். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளை அறிந்துகொள்ளும் வழிகளை அவை மழுங்கச் செய்வதால், சாப்பிட்டு எழுந்த சிறிது நேரத்திலேயே மீண்டும் பசி எடுக்கிறது. நள்ளிரவில் பானையைத் திறக்கும் பிள்ளையை 'வாயைக் கட்டத் தெரியாதவன்' என்று வீட்டில் யாராவது திட்டினால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அது மருந்தின் வேலை; அவனுடைய குணமில்லை.

ஆனால் சொல்லாமல் பாதியாக்கியது சரியில்லை. மருந்தைப் பாதியாக்கினால் எடையும் அதே கணக்கில் குறைவதில்லை. நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே மருந்து இறங்கிவிடும் ஆபத்துதான் மிச்சம். இன்னொரு சிக்கலும் உண்டு. நாளை குரல்கள் திரும்பினால், உங்கள் மருத்துவர் 15 மில்லிகிராமும் போதவில்லை என்று நினைத்து 20 ஆக உயர்த்துவார். அவன் சாப்பிட்டது ஏழரைதான் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே இந்த வாரமே அவரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எந்த அளவில் தொடர்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

அங்கே போகும்போது நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இந்த மருந்தின் முதல் மாத்திரைக்கு முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்றும் கேட்டிருக்க வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004இல் வகுத்த அட்டவணைப்படி, எடையை 4, 8, 12ஆம் வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை 12ஆம் வாரத்தில் மீண்டும் பார்த்துவிட்டு, பின்னர் அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆண்டுதோறும், கொழுப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பார்க்கலாம். நம் ஊரில் சர்க்கரை நோய் இவ்வளவு பரவியிருக்கும்போது சர்க்கரையை ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது போதாது என்பது என் கருத்து. குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்த அட்டவணையே இன்னொன்றையும் சொல்கிறது: தொடக்க எடையில் 100க்கு 5 பங்கு கூடினாலே மருந்தை மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அது வெறும் 3 கிலோ. அதாவது 61 கிலோவைத் தொட்டபோதே யாராவது நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும். இப்போது 13 கிலோ கூடியிருக்கிறது. அவன் உயரத்துக்கு உடல் நிறை எண் 20இலிருந்து 25ஐத் தாண்டிவிட்டது. நம் மக்களுக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன் என்று கொள்கிறோம். வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லையென்றால் தையல் அளவு நாடா போதும். தொப்புள் மட்டத்தில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் நோயின் வாசலில் நிற்கிறோம். 126ஐத் தொட்டு, மறுமுறை பார்த்தபோதும் அப்படியே இருந்தால் அது சர்க்கரை நோய்தான்.

வழிகள் உண்டு, அம்மா. எடையை அவ்வளவாகக் கூட்டாத அரிப்பிப்ரசோல், லூராசிடோன் போன்ற மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாம். மாறும்போது நோய் மீண்டும் தலைதூக்குகிறதா என்று சில வாரம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும். ஓலான்சபின்தான் அவனுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால், அதோடு மெட்ஃபார்மின் சேர்க்கலாம். சர்க்கரை நோய்க்கான மாத்திரையை ஏன் கொடுக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். இந்த எடையேற்றத்தைத் தடுக்க அது உதவுவது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவார்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, அளவைப் பிடுங்குவதைவிடப் பொருளை மாற்றுவதுதான் நடக்கக்கூடிய காரியம். பசி வரத்தான் போகிறது. இரவில் எழுந்தால் கைக்கு எட்டும் இடத்தில் வெள்ளரி, சுண்டல், நீர்மோர் இருக்கட்டும், பானை உள்ளே போகட்டும். இந்த மருந்துகளால் வாய் உலர்வதும் உண்டு. அதற்காகக் குளிர்பானமும் சர்க்கரை போட்ட தேநீரும் நாளைக்கு ஆறேழு முறை உள்ளே போவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் இரண்டு சுளையோடு நிறுத்தச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், வாந்தியும், அசதியும் சேர்ந்து வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே சர்க்கரையைப் பாருங்கள். அரிதாக, எடை கூடாமலேயே சர்க்கரை திடீரென்று ஏறி ஆபத்தாவதுண்டு.

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. மருத்துவமனையில் ஊசி போட்டு வீட்டுக்கு அழைத்து வந்த மறுநாள் மாலை, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகி இறங்கவே இல்லை. பேச்சும் குழறியது. வீட்டுப் பெரியவர்கள் காற்று, கருப்பு என்று சொல்லி மந்திரிக்க அழைத்துப் போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மருத்துவமனைக்குப் போனோம். ஓர் ஊசியில் சரியானது. அது என்ன? மறுபடியும் வருமா?
ஓர் அண்ணன், கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் தம்பிக்கு வந்தது, மருந்தினால் தசைகள் திடீரென இழுத்துக்கொள்ளும் நிலை. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மருந்துகள் தடுக்கின்றன. குரல்களும் சந்தேகங்களும் அடங்குவது அதனால்தான். ஆனால் உடலின் அசைவுகளை ஒழுங்குபடுத்துவதற்கும் அதே டோபமின் தேவைப்படுகிறது. அந்தத் தடை அசைவுப் பகுதியில் சட்டென்று விழும்போது கழுத்து, தாடை, நாக்கு, கண் ஆகியவற்றின் தசைகள் இறுகுகின்றன. மருந்து தொடங்கிய, அல்லது அளவைக் கூட்டிய முதல் சில நாட்களில் வரும். இளம் ஆண்களுக்கும் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளை ஊசியாகப் போட்டவர்களுக்கும் அதிகம் வரும்.

கண் மேலே செருகி, வாய் கோணி, பேச்சுக் குழறும் ஒரு பிள்ளையைப் பார்க்கும் பெரியவர்களுக்குப் பேய் பிடித்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி வரக்கூடும் என்று ஊசி போட்டவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தம்பி அந்த இரண்டு மணி நேரமும் முழு நினைவோடு, கடுமையான வலியோடு இருந்திருப்பான் என்பதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ப்ரோமெத்தசின் போன்ற ஊசி போட்டால் அரை மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊசியின் வேலை தீர்ந்தபின் மீண்டும் வரலாம் என்பதால் சில நாட்களுக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை கொடுப்பார்கள். தொண்டை இறுகி மூச்சு விடச் சிரமப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, 108ஐ அழையுங்கள். எந்த ஊசிக்கு, எந்தத் தேதியில் இப்படி ஆனது என்பதை அவன் மருத்துவச் சீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

கேள்வி: மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது. என் கணவர் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். சாப்பிடும்போதுகூட எழுந்து நடக்கிறார். நின்றால் காலை மாற்றி மாற்றி வைக்கிறார். இரவில் திண்ணைக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். நோய் முற்றிவிட்டதா? மருந்தைக் கூட்டச் சொல்லலாமா?
ஒரு மனைவி, அரியாங்குப்பம்

பதில்: கூட்டச் சொல்வதற்கு முன்பு அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நடக்கணும்னு உங்களுக்கு விருப்பமா, இல்லை உட்கார முடியாம நடக்கறீங்களா?" உட்கார முடியவில்லை, உள்ளே ஏதோ அரிப்பது போல, பிடுங்குவது போல இருக்கிறது என்று அவர் சொன்னால், அது பெரும்பாலும் மருந்தினால் வந்த அமைதியின்மைதான், நோய் முற்றியதன் அடையாளமில்லை. அப்படியானால் மருந்தைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஓர் இளைஞருக்கு இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். வார்டில் ஓயாமல் நடந்தவரை நோயின் பதற்றம் என்று எண்ணி மருந்தை இரண்டு முறை கூட்டினேன். "சார், என் தோலுக்குள்ள என்னால இருக்க முடியல" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அளவைக் குறைத்து, ப்ரோபிரனலால் கொடுத்த சில நாட்களில் அவர் அமைதியாக உட்கார்ந்து உணவருந்தினார். அன்றிலிருந்து, நடப்பவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்டுவிடுகிறேன்.

இதை அலட்சியப்படுத்தக் கூடாது; தாங்க முடியாமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும் அளவுக்கு இது சிலரை வதைக்கும். அப்படி ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அவருக்கு ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ப்ரோபிரனலால் அவர்களுக்கு ஆகாது.

கேள்வி: எனக்கு 27 வயது, தனியார் பள்ளியில் ஆசிரியை. ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் சாப்பிட்டு நலமாக இருக்கிறேன். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. மார்பில் பால் போலக் கசிகிறது. யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறது. எனக்குக் குழந்தை பிறக்காதா?
பெயர் வேண்டாம், முதலியார்பேட்டை

பதில்: எழுதியதற்கு நன்றி சகோதரி. இது மருத்துவர்கள் தாமாகவே கேட்டிருக்க வேண்டிய விஷயம்; நீங்கள் கூச்சத்தை வென்று எழுத வேண்டிய நிலை வந்ததற்கு எங்கள் தரப்புதான் வருந்த வேண்டும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைட், ஹாலோபெரிடால் ஆகியவை புரோலாக்டின் என்ற சுரப்பை உயர்த்துகின்றன. குழந்தை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க வைப்பது அதே சுரப்புதான். அது உயரும்போது, பாலூட்டும் காலத்தைப் போலவே கருமுட்டை வெளிவருவது தடைபட்டு மாதவிலக்கு நின்றுவிடுகிறது. மருந்தை மாற்றினால், அல்லது அளவைக் குறைத்தால், பெரும்பாலும் திரும்பிவிடும். குழந்தை பிறக்காது என்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது இரத்தப் பரிசோதனை. காலையில், அன்றைய மாத்திரைக்கு முன்பு, பதற்றமில்லாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரத்தம் கொடுங்கள். ஓடிவந்த பதற்றமே இந்த அளவைச் சற்று ஏற்றிக்காட்டும். கர்ப்பமாகாத பெண்ணுக்குப் புரோலாக்டின் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 25 நானோகிராம் வரை இருப்பது இயல்பு. ரிஸ்பெரிடோனில் அது பல மடங்காவதுண்டு. கூடவே தைராய்டையும் பார்ப்பார்கள். மாதவிலக்கு தள்ளிப்போன எவருக்கும் கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைவலியோ, பக்கவாட்டுப் பார்வை மங்குவதோ இருந்தால், அல்லது அளவு மிகவும் உயர்ந்திருந்தால், புரோலாக்டினைச் சுரக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்று எரிச்சலுக்காகவும் வாந்திக்காகவும் கடையில் வாங்கும் கேப்ஸ்யூல்கள் பலவற்றில் டோம்பெரிடோன் கலந்திருக்கிறது. அதுவும் புரோலாக்டினை உயர்த்தும். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பாதிக்கக்கூடியது. சீட்டில் எழுதாத மாத்திரை எதையாவது நாள்தோறும் விழுங்குகிறீர்களா என்று பாருங்கள்.

மாதவிலக்கு நின்றது நல்லதுதான், தொல்லை விட்டது என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடும் பெண்களையும் பார்க்கிறேன். அது சரியில்லை, பெண்மைச் சுரப்பு குறைந்தே கிடந்தால் எலும்பு மெலியும். உங்கள் மருத்துவர் அரிப்பிப்ரசோலுக்கு மாற்றலாம், அல்லது ரிஸ்பெரிடோனோடு சிறிதளவு அரிப்பிப்ரசோலைச் சேர்த்தே புரோலாக்டினைக் குறைக்கலாம். சுரப்பு இறங்கியதும் கருத்தரிக்கும் வாய்ப்பும் உடனே திரும்பிவிடும் என்பதைத் திருமணத்துக்குப் பின் நினைவில் கொள்ளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து எல்லா மாத்திரைகளையும் தூக்கி எறிவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பெரிய ஆபத்து.

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹாலோபெரிடாலும், கைநடுக்கத்துக்கான மாத்திரையும் சாப்பிடுகிறார். ஓராண்டாக, வெற்றிலை மெல்லுவது போல வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. நாக்கு வெளியே வந்து போகிறது. அவருக்கு அது தெரிவதில்லை.
ஒரு மகள், வில்லியனூர்

பதில்: டோபமினை நெடுங்காலம் தடுத்துவைத்ததால் பின்னாளில் வரும் அசைவுக் கோளாறு இது. குளோர்புரோமசின் என்ற முதல் மருந்து 1952இல் பாரிஸ் நகரத்துச் சாந்த்-ஆன் மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதுவும், 1958இல் வந்த ஹாலோபெரிடாலும் எத்தனையோ பேரைப் பூட்டிய அறைகளிலிருந்து வெளியே கொண்டுவந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்தப் பழைய மருந்துகளை உட்கொள்பவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 100க்கு 5 பேர் என்ற கணக்கில் இந்த அசைவு வந்து சேர்கிறது. முதியவர்களுக்கு இன்னும் அதிகம். புதிய மருந்துகளில் இது குறைவு, அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க 12 அம்சங்கள் கொண்ட ஒரு பரிசோதனை முறை இருக்கிறது. நாற்காலியில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை உள்ளே அசையாமல் வைக்கச் சொல்லி, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். பத்து நிமிடம் ஆகாது. பழைய மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைப்பதில்லை. ஆகவே அம்மாவின் வாய் அசைவை ஒரு நிமிடம் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கைநடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில் இந்த அசைவை மேலும் கூட்டக்கூடும். இந்த வயதில் மறதி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றையும் தரும். அது இன்னும் தேவைதானா என்று கேளுங்கள். ஹாலோபெரிடாலை நீங்களே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் அசைவு முன்னைவிட மோசமாவதுண்டு. க்ளோசபின், குவெட்டியாபின் போன்ற மருந்துக்கு மெல்ல மாற்றுவது ஒரு வழி. டெட்ராபெனசின் சேர்ப்பது இன்னொரு வழி. முழுதாக மறையும் என்று உறுதி தர இயலாது, குறைக்க முடியும்.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு மருந்துகள் மாற்றியும் குணமில்லாமல், இப்போது க்ளோசபின் 300 மில்லிகிராம் வந்திருக்கிறது. நன்றாகத் தேறியிருக்கிறான். ஆனால் வாரந்தோறும் இரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காக என் ஒரு நாள் கூலி போகிறது. இது கட்டாயமா? அவன் பீடி பிடிப்பான். அதை நிறுத்த வைக்கலாம் என்றிருக்கிறேன்.
ஒரு தந்தை, பண்ருட்டி அருகே

பதில்: ஐயா, கட்டாயம்தான். அதன் காரணத்தை யாராவது உங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், போகும் கூலி இவ்வளவு உறுத்தியிருக்காது. 1975இல் பின்லாந்தில் க்ளோசபின் சாப்பிட்ட சிலருக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப்போய், கிருமித் தொற்றால் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. 1988இல் அமெரிக்காவில் ஜான் கேன் என்ற மனநல மருத்துவரின் குழுவினர், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளிடம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தபோது, குளோர்புரோமசினில் 100க்கு 4 பேர் தேற, க்ளோசபினில் 30 பேர் தேறினார்கள். இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு அது திரும்பி வந்தது. உங்கள் மகனுக்கு அந்த மருந்து கிடைத்திருப்பதே இந்த இரத்தப் பரிசோதனையின் துணையால்தான்.

வெள்ளை அணு அற்றுப்போவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கிறது. ஆபத்து மிகுந்தது முதல் 18 வாரம். அதனால்தான் அந்தக் காலம் முழுவதும் வாரம் ஒருமுறை. பிரிட்டன் முறைப்படி அதன்பின் ஓராண்டு முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. 2025இல் அமெரிக்கா, க்ளோசபின் சாப்பிடுபவர்களைப் பதிவுசெய்யும் தன் கட்டாயத் திட்டத்தை நீக்கிவிட்டது என்று யாராவது சொல்லக்கூடும். பதிவுதான் நீங்கியது, இரத்தம் பார்க்கும் அறிவுரை அங்கேயும் தொடர்கிறது. அறிக்கையில் மொத்த வெள்ளை அணுக்களை மட்டும் பார்க்காமல், அவற்றில் கிருமியை எதிர்க்கும் ஒரு வகையான நியூட்ரோபில்லின் எண்ணிக்கையைப் பாருங்கள். 1,500க்குக் கீழே போனால் அன்றே மருத்துவருக்குத் தெரிய வேண்டும். இடையில் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் பாராசிட்டமால் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாமல் அன்றே இரத்தம் பாருங்கள். மருந்துச் சீட்டை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டி, இரத்தத்தை அங்கே கொடுத்து, முடிவை மட்டும் உங்கள் மருத்துவருக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். உங்கள் கூலியும் மிஞ்சும்.

இரத்தத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவதில்லை. க்ளோசபின் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். இந்த மருந்தில் மலச்சிக்கலை நான் வெள்ளை அணுவுக்கு இணையாகவே அஞ்சுகிறேன். மூன்று நாள் மலம் கழியவில்லை என்றால் சொல்ல வேண்டும் என்று மகனிடம் வெட்கமில்லாமல் பேசிவையுங்கள். வயிறு உப்பி வலித்து வாந்தி எடுத்தால் அவசரம். முதல் இரண்டு மாதங்களுக்குள் நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், படபடப்பு வந்தால் இதயத் தசை வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் எச்சில் வழிந்து தலையணை நனைவது தொல்லைதான், ஆபத்தில்லை, அதற்கும் மருந்துண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் மறுபடி 300இல் தொடங்கவே கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் ஏற வேண்டும்; இல்லையென்றால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம்.

பீடியை நிறுத்த வைப்பது மிக நல்ல எண்ணம், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். புகையிலுள்ள பொருட்கள் கல்லீரலைத் தூண்டி க்ளோசபினை விரைவாகக் கழித்துவிடுகின்றன. பீடி நின்றதும் அந்த வேகம் சில நாட்களிலேயே தணிந்து, அதே 300 மில்லிகிராம் உடம்பில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காக வேலை செய்யத் தொடங்கும். அளவுக்கு மீறிய தூக்கமும் வலிப்பும் வரலாம். முன்கூட்டியே சொன்னால் அவர் மாத்திரையைக் குறைத்துக் கொடுப்பார். ஓலான்சபினுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: அண்ணன் மீன்பிடிப் படகில் போவார். கத்திரி வெயிலில் இந்த மாத்திரையோடு கடலுக்குப் போகலாமா? புயல் நாட்களில் மாத்திரை கிடைக்காமல் போனால் என்ன செய்வது?
தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தங்கை

பதில்: உடம்பின் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப் பகுதியை இந்த மருந்துகள் தளர்த்துகின்றன, ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்ந்தால் வியர்வையும் குறைந்துவிடும். ஆகவே மற்றவர் தாங்கும் வெயிலை அண்ணனால் தாங்க முடியாமல் போகலாம். விடியலுக்கு முன் போய் உச்சிக்குள் கரைக்குத் திரும்பும் தொழிலாக இருந்தால் போகட்டும். தலைக்குத் துண்டும், உப்பிட்ட நீர்மோரும், தாகம் எடுக்காவிட்டாலும் குடிக்கும் பழக்கமும் வேண்டும். மாத்திரையால் காலையில் தலை கிறுகிறுத்தால் படகில் ஏற விடாதீர்கள். கடும் காய்ச்சல், உடல் மரக்கட்டை போல இறுகுதல், புத்தி தடுமாறுதல், நாடி தாறுமாறாக ஓடுதல் ஆகியவை சேர்ந்து வந்தால், அது வெயிலின் தாக்குதலாகவும் இருக்கலாம், மருந்தினால் அரிதாக வரும் ஆபத்தான காய்ச்சலாகவும் இருக்கலாம். யாரையும் கேட்காமல் அடுத்த மாத்திரையை நிறுத்தி, நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டிய நேரம் அது. எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

புயலைப் பற்றிக் கேட்டது மிகவும் பொருத்தமான கேள்வி. 2011 டிசம்பர் 30இல் தானே, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என்று நம் கரை அடிபட்ட ஒவ்வொரு முறையும், மருந்துக் கடைகள் மூடி, பாதைகள் நீரில் மூழ்கி, பத்து நாள் மாத்திரை இல்லாமல் நோய் திரும்பியவர்கள் பிறகு எங்களிடம் வந்தார்கள். ஐப்பசி பிறக்கும்போதே இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கி, நீர் புகாத டப்பாவில் போட்டு, உயரத்தில் வையுங்கள். சீட்டைப் படம் பிடித்து வீட்டில் இருவர் கைப்பேசியிலாவது வைத்திருங்கள். மாதாந்திர ஊசி போடுபவர்கள், புயல் எச்சரிக்கை வந்தால் சில நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறேன், நோய் திரும்பவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை இப்போது 108. மருத்துவர் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அதே சீட்டை எழுதுகிறார். அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? தையில் தங்கையின் திருமணம் வருகிறது. அதற்குள் குறைத்துவிட ஆசை.
ஒரு வாசகர், லாஸ்பேட்டை

பதில்: உரிமை இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையைப் பற்றியும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளும் உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. சட்டத்தை எடுத்துக் காட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. "நல்லா இருக்கீங்களா?" என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு தாளை நீட்டுங்கள்: இந்த ஆண்டின் எடை, இடுப்பளவு, சர்க்கரை, தூங்கும் நேரம், உங்களைத் தொல்லைப்படுத்தும் இரண்டு விஷயங்கள். கூட்டத்தில் பேச முடியாததைத் தாள் பேசிவிடும்.

108 என்பது சர்க்கரை நோயில்லை, அதன் வாசல். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியையும் (HbA1c) கொழுப்பையும் பாருங்கள். நெடுநாள் ஈசிஜி எடுக்கவில்லையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள். அளவைக் குறைப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒன்பது ஆண்டுகள் பழகிய மூளைக்கு அவகாசம் வேண்டும். சிறு சிறு படிகளாக, ஒவ்வொரு படிக்கும் சில மாதம் இடைவெளி விட்டு இறங்க வேண்டும். தூக்கம் குறைவது, காரணமில்லாத சந்தேகம், ஒதுங்கி இருப்பது என்று நோய் முதன்முதலில் உங்களிடம் எப்படித் தலைகாட்டியதோ அதை அறிந்த ஒருவர் வீட்டில் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். திருமண வீட்டில் தூக்கம் கெடும், அலைச்சல் இருக்கும், கவனிக்க வேண்டியவரும் வேலையில் மூழ்கியிருப்பார். தை முடியும்வரை இப்போதைய அளவிலேயே இருங்கள். தங்கையை வழியனுப்பிய பிறகு, மாசியில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.